பரணில் கிடக்கும் 386: பழைய கம்ப்யூட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வயசுக்கு மேல போனா அது "பழைய" கம்ப்யூட்டர்?

ஆளுக்கொரு கணக்கு. என் கணக்கு 486-ஓடு முடிகிறது (286, 386, 486 என்பவை பெட்டிக்குள் இருக்கும் இன்டெல் வகை சிப்பின் எண்கள், எண் கூடினால் பெட்டி புதிது). பென்டியம், விண்டோஸ் 95 காலத்துப் பெட்டிகளையும் இப்போது ஆசையாகச் சேர்க்கிறார்கள், சேர்க்கட்டும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் காமடோர் 64, அமிகா, ஆப்பிள் 2 என்ற அந்த ஊர் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலேயே ஆரம்பிப்பார்கள். எண்பதுகளில் நம் ஊரில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதி வரியைக் குறைத்தது. அதற்குப் பிறகுதான் ஐபிஎம் பிசி வகை இயந்திரங்கள் இங்குள்ள அலுவலகங்களுக்குள் பெருமளவில் நுழைந்தன: எச்சிஎல் பிஸிபீ, விப்ரோ, ஜெனித், சென்னை ஸ்டெர்லிங் கம்பெனியின் சிவா. தொண்ணூறுகளில் ரிச்சி தெருவில் போர்டு ஒரு கடையிலும் கேபினெட் இன்னொரு கடையிலும் வாங்கிப் பூட்டிய "அசெம்பிள்டு" பெட்டிகள் வந்தன. ஆகவே நம் கைக்குக் கிடைப்பது எக்ஸ்டி (286-க்கு முந்தைய, 8088 சிப் வகை), 286, 386 வகைப் பெயரில்லாப் பெட்டிகள்தான். வெளிநாட்டுச் சேகரிப்பாளன் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆனால் நம் ஊரில் தமிழில் முதல் முதலாகக் கணினியில் தட்டியவற்றில் பல இந்த மாதிரிப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. காப்பாற்ற வேண்டியது இவற்றைத்தான் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தச் சாய்வோடுதான் இருக்கும்.

பரண்ல இருந்து இறக்கிட்டேன். சொருகி ஸ்விட்ச் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் பாதி இயந்திரங்கள் சாவது பரணில் அல்ல, இறக்கிய முதல் ஐந்து நிமிடத்தில்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 115/230 என்று ஒரு சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் அது 115-ல் நின்றிருக்க வாய்ப்புண்டு. அப்படியே நம் 230 வோல்ட்டில் சொருகினால் உள்ளே வெடிச் சத்தம் கேட்கும், கதை முடிந்தது.

அடுத்து மூடியைக் கழற்றுங்கள். கரப்பான் முட்டை, பல்லி எலும்பு, சில சமயம் எலி இழுத்து வந்த பஞ்சு எல்லாம் இருக்கும். பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். காற்றடிக்கும் மெஷினைப் பயன்படுத்தினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 கனெக்டர்களைப் பிடுங்கிவிடுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்கள் லோடு இல்லாமல் கிளம்பாது. அதனால் உயிர் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டிக்கொள்ளுங்கள். ஆன் செய்து மல்டிமீட்டரில் பாருங்கள். சிவப்பு வயரில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும், மஞ்சளில் 12 வோல்ட் சுமாராக. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டு இருந்தால் முதல் தடவை அதன் வழியாகக் கொடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

திரும்ப மாட்டும்போது இரண்டு கனெக்டர்களின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றி மாட்டினாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், போர்டுதான் போய்விடும்.

ஸ்விட்ச் போட்டதும் "டிக் டிக்"னு சத்தம் மட்டும் வருது, ஒண்ணும் ஓடலை.

எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டை உணர்ந்து தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி முயல்கிறது. பெரும்பாலும் காரணம் டான்டலம் கெபாசிட்டர். மதர்போர்டிலும் கார்டுகளிலும் மழைத்துளி வடிவில், மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரைப் போட்டிருப்பார்கள். இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த பிறகு அவை ஷார்ட் ஆவது வெகு சகஜம். எல்லாக் கார்டுகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எந்தக் கார்டு மாட்டியதும் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. மதர்போர்டே என்றால் 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஓம் அளந்து பாருங்கள். மாற்றும்போது 25 வோல்ட் கெபாசிட்டர் போடுங்கள், பிளஸ் மைனஸ் பார்த்து.

சில நேரம் அந்த டான்டலமே பட்டென்று வெடித்து, கரியாகி, ஷார்ட்டும் தானாக விலகி, இயந்திரம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓட ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம். முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆன் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

போர்டுல பச்சையா, நீலமா பூத்துக் கிடக்கு. இது என்ன?

பேட்டரி கசிந்திருக்கிறது. 286, 386, 486 மதர்போர்டுகளின் மூலையில், கீபோர்டு கனெக்டருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் சட்டை போட்ட உருளை ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கும். பலவற்றில் வார்ட்டா என்ற பெயர், 3.6 வோல்ட். தேதி, நேரம், ஹார்ட் டிஸ்க் விவரம் எல்லாம் மறந்துபோகாமல் இருக்க வைத்த நிக்கல் கேட்மியம் பேட்டரி. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் காரம் கசிந்து, செம்பு ட்ராக்குகளைத் தின்றுகொண்டே போகும். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் இன்னும் வேகமாக.

போர்டு ஓடுகிறதோ இல்லையோ, முதல் வேலையாக அந்த பேட்டரியை வெட்டி எடுங்கள். பிறகு வெள்ளை வினிகரைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்க வேண்டும். கசிந்தது காரம், அதைச் சமன் செய்ய அமிலம். லேசாக நுரைக்கும். நுரை அடங்கும்வரை தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு நாள் காய விடுங்கள். செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் இந்த ஆல்கஹால் லிட்டர் கணக்கில் கிடைக்கும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பச்சைப் பூச்சுக்கு அடியில் கறுத்துப்போன ட்ராக்குகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பார்க்க முழுதாக இருக்கும், மல்டிமீட்டரின் பீப் வராது. பெரும்பாலும் முதலில் போவது கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பைச் சுற்றியுள்ள ட்ராக்குகள், பக்கத்தில் இருக்கிற பாவத்துக்காக. அறுந்த இடங்களில் மெல்லிய எனாமல் வயரால் பாலம் போட வேண்டும். சாக்கெட்டுக்குள்ளும் கசிவு போயிருந்தால் சாக்கெட்டையே மாற்றிவிடுங்கள்.

புதிதாக என்ன பேட்டரி போடுவது? சிஆர்2032 காசு பேட்டரி போதும். ஆனால் அந்த சர்க்யூட் பேட்டரியை சார்ஜ் செய்யப் பார்க்கும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத வகை. இடையில் ஒரு ஷாட்கி டயோடு, 1என்5817 மாதிரி, கண்டிப்பாக வேண்டும். சாதா டயோடு போட்டால் 0.6 வோல்ட் குறைந்து சில போர்டுகள் மறுபடி மறக்க ஆரம்பித்துவிடும். பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று நான்கு பின் கொண்ட இடமும் ஜம்பரும் இருக்கும். அது இருந்தால் வேலை இன்னும் சுலபம். டல்லாஸ் என்று எழுதிய கறுப்புக் கட்டி இருந்தால் பேட்டரி அதற்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அது கசிந்து போர்டைக் கெடுக்காது, தீர்ந்துபோகும், அவ்வளவே.

பெட்டி ஓடுது, பீப் அடிக்குது, திரையில ஒண்ணும் இல்லை.

பீப்பை எண்ணுங்கள். பயாஸ் என்பது ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த புரோகிராம். ஏஎம்ஐ பயாஸில் மூன்று என்றால் முதல் 64 கேபி மெமரியில் கோளாறு, எட்டு என்றால் டிஸ்ப்ளே மெமரி. அவார்டு பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை வந்தால் டிஸ்ப்ளே கார்டு. பாதிக் கேஸ்களில் மெமரியையும் கார்டையும் பிடுங்கி, கால்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினாலே சரியாகிவிடும்.

கார்டின் பின்னால் 15 துளை இருந்தால் விஜிஏ, இன்றைய மானிட்டரிலும் படம் வரும். 9 துளை என்றால் ஹெர்குலிஸ், சிஜிஏ, இஜிஏ என்ற பழைய டிஸ்ப்ளே வகைகளில் ஏதோ ஒன்று. நம் ஊர் அலுவலகங்களில் பச்சை எழுத்து, ஆரஞ்சு எழுத்து மானிட்டரோடு ஓடியவற்றில் பல ஹெர்குலிஸ்தான். இவற்றின் மானிட்டர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொருகாதீர்கள். ஹெர்குலிஸ் 18.4 கிலோஹெர்ட்ஸ், சிஜிஏ 15.7. தப்பான அலைவரிசை கொடுத்தால் சில பழைய மானிட்டர்களில் உயர் வோல்ட் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். மானிட்டரே இல்லை என்றால் ராஸ்பெரி பை ஜீரோவை வைத்துச் செய்யும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ என்ற திறந்த மூலத் திட்டம் இருக்கிறது. அது இந்த 9 துளை வகைகளையெல்லாம் டிவிக்கு மாற்றிக் கொடுக்கும்.

சிஆர்டி (படக்குழாய்) மானிட்டரைத் திறந்து சரி பண்ணலாமா?

டிவி மெக்கானிக் வேலை தெரிந்தவரோடு உட்கார்ந்து பழகும்வரை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

டப்பா நிறைய ஃப்ளாப்பி இருக்கு. படிக்க முடியுமா?

பெட்டியைவிட இந்த டப்பாதான் முக்கியம். ஒரு அச்சகத்திலிருந்து வந்த டப்பாவைப் பார்த்திருக்கிறேன். லேபிளில் பால்பாயின்ட் பேனாவில் "தை முகூர்த்தம்", "காதணி விழா", "கோயில் நோட்டீஸ்". ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஊரின் ஒரு சீசன் விசேஷங்கள் மொத்தமும், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகளாக இருந்தன.

டிரைவில் போடும் முன் கண்ணால் பாருங்கள். மூன்றரை அங்குலமானால் ஷட்டரை ஒதுக்கி, நடுவிலிருக்கும் உலோக வட்டைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஐந்தேகால் அங்குலமானால் நீள்வட்டத் துளை வழியே தெரியும். பழுப்புப் பரப்பு கண்ணாடிபோல் மின்ன வேண்டும். வெள்ளைப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட் அழுக்காகி, அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். பூஞ்சை லேசாக இருந்தால் ஆல்கஹால் தொட்ட, இழை உதிராத துணியால் மெதுவாகத் துடைக்கலாம். அதிகமாக இருந்தால் உறையின் ஓரத்தை வெட்டி வட்டை வெளியே எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு அலசி, நிழலில் காயவைத்து, வேறொரு வீணான ஃப்ளாப்பியின் உறைக்குள் நுழைத்துப் படிக்க வேண்டும். டிரைவிலிருந்து "கீச்" சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். ஹெட்டைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது.

யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் மலிவு. ஆனால் அது டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) வகை மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகளை மட்டும் படிக்கும், கொஞ்சம் சேதமிருந்தாலும் கை விரித்துவிடும். நான் சிபாரிசு செய்வது கிரீஸ்வீசல். கியர் ஃப்ரேசர் உருவாக்கிய சின்ன போர்டு. பழைய டிரைவை இன்றைய கம்ப்யூட்டரின் யுஎஸ்பியோடு இணைத்து, ஃப்ளாப்பியின் காந்த மாற்றங்களையே அப்படியே பதிவு செய்துகொள்ளும். கோப்பு கிடைக்கிறதா என்பதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். ஒரே ஃப்ளாப்பியைப் பலமுறை சுழற்ற வேண்டியதில்லை.

எழுதக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். முக்கியமாக, 360 கேபி ஃப்ளாப்பியை 1.2 எம்பி டிரைவில் படிக்கலாம், எழுதக் கூடாது. அந்த டிரைவின் ஹெட் குறுகலானது. பழைய அகலத் தடத்தின் நடுவில் மெல்லிய புதுத் தடம் பதிந்து, பிறகு 360 கேபி டிரைவில் இரண்டும் கலந்து வரும்.

படிச்சுட்டேன். ஆனா தமிழ்க் கோப்பைத் திறந்தா கன்னாபின்னான்னு எழுத்து வருதே?

எழுத்து போகவில்லை, எழுத்துரு போய்விட்டது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து எண் முறை பரவும் முன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் தமிழ் எழுத்தை வைத்தார்கள். கனடாவிலிருந்து வந்த சீனிவாசனின் ஆதமி ஒரு பக்கம், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு ஒரு பக்கம், இந்திய மொழிகளுக்கென்று கம்ப்யூட்டருக்குள் மாட்டிய மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு இன்னொரு பக்கம். டிடிபி கடைகளில் இதற்கு மேலும் பல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியாக டாப், டாம் என்று இரண்டு குறியேற்றங்கள் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்கள்) வந்தன. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொன்று ஓடியது.

ஆகவே ஃப்ளாப்பியை மட்டும் எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கோப்பை எழுதிய ஃபான்ட் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். விண்டோஸ் 3.1 ஆனால் விண்டோஸ் டைரக்டரிக்குள் இருக்கும் சிஸ்டம் டைரக்டரியில் தேடுங்கள். ஃபான்ட் கையில் இருந்தால் எந்த எண்ணில் எந்த எழுத்து என்று பார்த்து நாமே ஒரு பட்டியல் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். வெறும் எண்ணை எண்ணாக மாற்றினால் போதாது. இவற்றில் பல, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தவை. "கொ" என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக, கொம்பு முன்னால் வர இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். உங்கள் நிரல் கொம்பைப் பிடித்து அடுத்த எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். ஜிஸ்ட் வழிக் கோப்புகளில் இந்தத் தலைவலி இல்லை. அவை இஸ்கி என்ற இந்திய மொழிக் குறியேற்ற முறையில் ஒலி வரிசையிலேயே இருக்கும்.

பேஜ்மேக்கர் கோப்பானால் 86பாக்ஸ் எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டரைப் புதிதுக்குள் ஓடவைக்கும் மென்பொருள்) விண்டோஸ் 3.1 ஏற்றி, அதே காலத்துப் பேஜ்மேக்கரையும் அந்த ஃபான்ட்டையும் போட்டுத் திறப்பதுதான் நேர் வழி.

ஹார்ட் டிஸ்க் சுத்தவே மாட்டேங்குது.

20 எம்பி சீகேட் எஸ்டி-225 மாதிரிப் பழைய டிஸ்க்குகளில் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கிடைமட்டமாகப் பிடித்து மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பினால் சில சமயம் கிளம்பும். கிளம்பிவிட்டால் அணைக்காதீர்கள், முதலில் நகலெடுங்கள், இன்னொரு வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். எம்எஃப்எம் என்ற பழைய பதிவு முறையில் ஓடும் இந்த டிஸ்க்கை அது ஃபார்மேட் ஆன கன்ட்ரோலர் கார்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். வேறு கார்டில் மாட்டினால் படிக்காமல் போகக்கூடும். எஸ்டி-225-ல் அணைக்கும் முன் பார்க் கட்டளை கொடுத்து ஹெட்டை ஒதுக்க வேண்டும், தானாக ஒதுங்காது.

தினசரி ஓட்டத்துக்கு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஐடிஇ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு வகை) அடாப்டரில் மாட்டுங்கள். எக்ஸ்டியானால் எக்ஸ்டி-ஐடிஇ கார்டு வேண்டும். பழைய பயாஸ்கள் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணத் தெரியாதவை, அதாவது 528 எம்பி வரைதான். டாஸ் 3.3-ல் ஒரு பார்ட்டிஷன் 32 எம்பியைத் தாண்டாது. 6.22 போட்டால் நிம்மதி.

எங்க கிடைக்கும்?

சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் எல்லாம் உதிரிச் சாமானுக்குச் சரி. முழுப் பெட்டிக்கு ஆடிட்டர் ஆபீஸ், பழைய அச்சகம், பாலிடெக்னிக் ஸ்டோர் ரூம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்னறை. "ஏதாவது பழசு இருக்கா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "டப்பா ஃப்ளாப்பி போடுவாங்களே, அந்தக் கம்ப்யூட்டர்" என்று கேளுங்கள்.

நமக்குப் போட்டி இன்னொரு சேகரிப்பாளர் அல்ல, தங்கம் எடுப்பவர்கள். செராமிக் 486 சிப், கார்டுகளின் தங்கக் கால்கள் எல்லாம் கிலோ கணக்கில் போகின்றன. காயலான் கடைக்காரரிடம் போர்டை உடைக்கும் முன் ஒரு போன் அடிக்கச் சொல்லி நம்பர் கொடுத்து வையுங்கள், எடை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

எனக்கு காமடோர் 64 தான் வேணும்.

வாங்குங்கள், அருமையான இயந்திரம். 1982-ல் 64 கேபி, பாப் யான்ஸ் வடிவமைத்த சிட் ஒலிச் சிப். ஆனால் அதன் பழைய பவர் சப்ளையை நம்பாதீர்கள். உள்ளிருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் லைன் எகிறி மெமரி சிப்புகளைச் சுட்டுவிடும். புதிதாகச் செய்த சப்ளைதான் பாதுகாப்பு. அமெரிக்கப் பெட்டி என்றால் 120 வோல்ட், என்டிஎஸ்சி (நம் டிவி முறையிலிருந்து வேறான அமெரிக்க டிவி முறை) என்பதையும் யோசியுங்கள். பயன்படுத்திய கம்ப்யூட்டர்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடு உண்டு, கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டால் மீட்பது கஷ்டம்.

வெளிநாட்டு ஆசையும் உள்ளூர் வரலாறும் ஒன்றாக வேண்டுமானால் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரைத் தேடுங்கள். 1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் அதுதான் வந்தது. கிடைத்தால், ஆன் செய்யும் முன் அதன் பவர் சப்ளையிலிருக்கும் ரிஃபா கெபாசிட்டர்களை மாற்றிவிடுங்கள். ஒளி ஊடுருவும் மஞ்சள் உறையில் விரிசல் தெரிந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. சில நிமிடத்தில் அறை முழுக்க நாறும் புகை வரும்.

மஞ்சளாப் போன பிளாஸ்டிக்கை வெள்ளையாக்கணும்.

பார்லர் சாமான் கடையில் 40 வால்யூம் டெவலப்பர் கிரீம் கிடைக்கும், அது 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டுத் தடவி, கிளிங் ஃபிலிம் சுற்றி, வெயிலில் வைத்து, அடிக்கடி கிரீமைப் பரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். சித்திரை வெயிலில் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும். சில வருடத்தில் மறுபடி மஞ்சளாகும். நான் செய்வதில்லை.

இவ்வளவு எதுக்கு? எமுலேட்டர் போதாதா?

விளையாட்டுக்கும் பழைய புரோகிராம் ஓட்டிப் பார்ப்பதற்கும் தாராளமாகப் போதும். இடமில்லாதவர்களுக்கு நானே டாஸ்பாக்ஸைத்தான் சொல்வேன். ஃப்ளாப்பியைப் படிக்க, ஐஎஸ்ஏ (அந்தக் காலத்து ஸ்லாட் வகை) கார்டை ஓட்ட, எம்எஃப்எம் டிஸ்க்கிலிருந்து கோப்பை எடுக்க நிஜப் பெட்டி வேண்டும்.

எடுத்த கோப்பைப் புதுக் கம்ப்யூட்டருக்கு எப்படி மாத்துறது?

என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு ஒன்று மாட்டி, மைக்கேல் புரூட்மேனின் எம்டிசிபி தொகுப்பை டாஸில் போட்டால் நெட்வொர்க் வழியே கோப்பு அனுப்பும் எஃப்டிபி ஓடும். 8088-இலும் ஓடும். கார்டு இல்லையென்றால் சீரியல் கேபிள், நல் மோடம் வகை (இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைப்பது). இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

எனக்கு வேண்டாம். தூக்கிப் போட்டுடலாமா?

ஹார்ட் டிஸ்க்கையும் ஃப்ளாப்பிகளையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, சேகரிக்கும் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். யாரும் வரவில்லை என்றால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். குப்பைத் தொட்டி வேண்டாம், சிஆர்டியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கீபோர்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு யாராவது நிச்சயம் வருவார்கள்.